பன்னிரண்டாம் கட்டத்தில் வெள்ளைக்கல்

சேலம் ஜங்ஷனுக்கு வடக்கே ஒரு பெயர்ப்பலகை வரும்: மேக்னசைட் சந்திப்பு. ஒரு கனிமத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ரயில் நிலையம். மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர் என்று அதைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மண்ணைக் கீறினால் வெளுத்த கல் தெரியும். நம்மூரில் அதற்கு வெள்ளைக்கல் என்று பெயர். தனிம அட்டவணையைக் கற்களால் நிரப்பிப் பார்க்கலாம் என்று நான் ஆரம்பித்தபோது முதலில் நிரம்பியது இந்தக் கல்லின் கட்டம்தான். அணு எண் 12, மெக்னீசியம்.

பள்ளிக்கூட ஆய்வகச் சுவரில் தொங்கிய அந்த அட்டவணை எல்லோருக்கும் நினைவிருக்கும். மொத்தம் 118 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து இருக்கும் இடத்தில் அந்தத் தனிமத்தைத் தாங்கிய ஒரு கல்லை வைப்பதுதான் இந்தச் சேகரிப்பு. உலகம் முழுக்கக் கனிமம் சேர்ப்பவர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. தூய தனிமங்களைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கனிமம்தான் சரி. ஆலையில் பிரித்தெடுத்த மெக்னீசியத் துண்டைப் பார்த்து அது எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைக்கல்லைக் கையில் கொடுத்தால், பழகியவர் சேலம் என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. மெண்டலீவ் 1869-இல் தன் அட்டவணையை வெளியிட்ட பிறகு சில இடங்களைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமங்களின் குணங்களையும் முன்கூட்டியே எழுதினார். அவற்றுக்குத் தற்காலிகப் பெயர் வைக்க ‘ஏக’ என்ற வடசொல்லை எடுத்துக்கொண்டார்: ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். இந்த மூன்று காலியிடங்களும் நிரம்பியது கற்களுக்குள்ளிருந்துதான். 1875-இல் பிரான்ஸ் நாட்டுத் துத்தநாகத் தாதுவிலிருந்து காலியம் வந்தது. 1879-இல் ஸ்காண்டினேவியக் கனிமங்களிலிருந்து ஸ்காண்டியம் வந்தது. மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியில் ஃபிரைபெர்க் வெள்ளிச் சுரங்கத்தில் கிடைத்த ஆர்ஜிரோடைட் என்ற புதுக் கனிமத்தை கிளெமென்ஸ் விங்க்லர் பகுத்துப் பார்த்தார். வெள்ளி, கந்தகம் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒவ்வொரு முறையும் 7 சதவீதம் கணக்கில் இடித்தது. விங்க்லர் விடவில்லை. அந்த 7 சதவீதம்தான் 1886-இல் ஜெர்மானியம் ஆனது. அதன் அணு நிறை 72 இருக்கும் என்று மெண்டலீவ் முன்பே எழுதியிருந்தார். அளந்தபோது 72-ஐ ஒட்டியே வந்தது. ஆகவே இந்த அட்டவணையில் கற்களை வைப்பது, அது வந்த வழியிலேயே திரும்பிப் போவது மாதிரி.

சரி, வெள்ளைக்கல்லுக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்து இந்தக் குன்றுகளுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாக் என்பது கடல் உயிரிகளின் ஓடுகள் படிந்து உண்டான சுண்ணாம்பு. இங்கே கடலும் இல்லை, ஓடும் இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பாறைதான் இங்கே அடித்தளம். அது பெரும்பாலும் ஆலிவின் என்ற பச்சைக் கனிமத்தால் ஆனது. ஆலிவினில் மெக்னீசியமும் சிலிக்காவும் நிறைய. கரியமில வாயு கலந்த நீர் அந்தப் பாறையின் விரிசல்களில் இறங்கும்போது மெக்னீசியத்தைக் கரைத்து, கார்பனேட்டாக மாற்றி, விரிசலிலேயே படிய வைக்கிறது. அதுதான் மேக்னசைட். மிஞ்சிய சிலிக்கா பக்கத்திலேயே மெழுகு போன்ற கல்லாக உறைந்துவிடும். வெட்டிய சுரங்கச் சுவரைப் பார்த்தால் பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடும். சில நரம்பு நூல் கனம், சில நரம்பு கையகலம்.

உடைத்த முகம் வழவழவென்று பீங்கான் உடைந்த மாதிரி இருக்கும். படிகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. துகள்கள் அவ்வளவு நுண்மை. வெளிப்புறத்தில் காலிஃபிளவர் போன்ற முண்டுகளோடும் கிடைக்கும். சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் வெள்ளைத் துண்டுகள் உண்டு என்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டையும் கொஞ்சம் பொடித்துத் தனித்தனித் தட்டில் வைத்து, மேலே வினிகர் விடுங்கள். சுண்ணாம்புக்கல் பொடி நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் பொடி நனைந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் கார்பனேட்டும் கண்ணுக்கு எவ்வளவு ஒன்றாகத் தெரிந்தாலும், குளிர்ந்த புளிப்பில் இரண்டும் வேறு வேறு. 12-ஆம் கட்டமும் 20-ஆம் கட்டமும் அட்டவணையில் மேலும் கீழுமாக இருப்பதன் அர்த்தம் எனக்கு அந்தத் தட்டில்தான் புரிந்தது. உறவு இருக்கிறது, ஆனால் ஒரே ஆள் இல்லை.

வெள்ளைக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு போய் மெக்னீசியம் ஆக்சைடு நிற்கும். அது உருக சுமார் 2,800 டிகிரி வேண்டும். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். உருக்காலைகளில் உலையின் உட்சுவருக்கு வெப்பம் தாங்கும் செங்கலாக இந்தக் கல் போவது இதனால்தான்.

மெக்னீசியத்துக்கு இன்னொரு கல்லையும் நான் யோசித்தேன்: மாக்கல். சேலத்துக் கல்சட்டி செய்யும் கல். பலப்பமும் அதே இனம்தான். முக்கியமான கனிமம் டால்க், அதிலும் மெக்னீசியம் உண்டு. கடைசியில் அதை 12-இல் வைக்காமல் 1-ஆம் கட்டத்தில், ஹைட்ரஜனுக்கு வைத்தேன். டால்க்கின் அணு அடுக்குகளுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஜோடியாகக் கட்டுண்டு கிடக்கின்றன. நன்றாகப் பழுக்கக் காய்ச்சினால்தான் அது நீராவியாக வெளியே வரும். அடுப்பில் வைத்த குழம்புச் சூடு அதற்கு எந்த மூலைக்கும் போதாது. அதனால்தான் கல்சட்டி தலைமுறை தாண்டி நிற்கிறது. ஹைட்ரஜனுக்குப் பனிக்கட்டியை வைக்கலாம் என்பார்கள். இயற்கையில் உறைந்த பனியும் கனிமம்தான். சேலத்தில் அதை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் அம்மா புளிக்குழம்பு வைத்த கல்சட்டி ஒன்று கீறல் விட்டு இரண்டானது. அதன் விளிம்புத் துண்டுதான் இப்போது முதல் கட்டத்தில் இருக்கிறது. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும்.

24-ஆம் கட்டமும் 26-ஆம் கட்டமும் எனக்குச் சேர்ந்தேதான் நிரம்பின. வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர், பல வருடம் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு கருங்கல்லை என்னிடம் கொடுத்தார். “இது இரும்புதானுங்களே?” என்று கேட்டார். கனம் அப்படித்தான் இருந்தது. என்னிடம் கஞ்சமலை இரும்புத் தாதுத் துண்டு ஒன்று ஏற்கனவே இருந்ததால் இரண்டையும் அவர் திண்ணையிலேயே பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுபோனேன். கஞ்சமலைக் கல் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அவருடைய கல் சட்டை செய்யவில்லை. அப்புறம் ஒரு தரை டைல்ஸைத் திருப்பி, மெருகில்லாத பின்பக்கத்தில் இரண்டையும் தேய்த்தோம். கஞ்சமலைக் கல் கருப்புக் கோடு போட்டது. அவருடையது காபிப் பொடி நிறத்தில் பழுப்புக் கோடு போட்டது. அது குரோமைட். டியூனைட் பாறைக்குள் திட்டுத் திட்டாகவும் பட்டையாகவும் இருக்கும் குரோமியத் தாது. சுத்தமான குரோமைட்டில் எடையில் கிட்டத்தட்ட பாதி குரோமியம், 46 சதவீதம். “இத்தனை வருசமா இரும்புன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கஞ்சமலைக் கல் மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறி மாறிப் படிந்தது. கருப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும். மழைக்குப் பிறகு ஓடைகளில் ஒதுங்கும் கருமணலும் இதே மேக்னடைட்தான். அந்தக் கருமணலை அள்ளிக் கரியோடு உலையிலிட்டு இரும்பாக்கியவர்கள் இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சேலத்துத் தாதுவை நம்பித்தான் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் தரம் உயர்கிறது என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்குத் தொழிலையே அது மாற்றியது. 25-ஆம் கட்டத்தில் மாங்கனீசுக்கு நான் வைத்திருப்பது மத்தியப் பிரதேசத்து பாலாகாட் தாது. சேலத்துக் கல் இல்லைதான். ஆனாலும் 24, 25, 26 மூன்றையும் வரிசையாகப் பார்க்கும்போது அந்த மனிதர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே சேலம் உருக்காலை இருக்கிறது. மலைத் தாது அங்கே உருக்கப்படுவதில்லை. அது துருப்பிடிக்காத எஃகுக்கான ஆலை. ஆனால் அந்த எஃகின் சூத்திரம் என்ன? இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு துருவைத் தடுக்கிறது. நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரில் இருப்பது திண்ணையில் பக்கம் பக்கமாக வைத்த அந்த இரண்டு கருங்கற்களின் தனிமங்கள்.

ஏற்காட்டுக்குப் போனால் கதை வேறு. சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கடினப் பாறை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாறை வெட்டிய இடங்களில் கரும்பச்சையாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பது அதுதான். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இந்தப் பாறை மலையுச்சியில் யுகக்கணக்கில் மழையில் நனைந்தால், கரையக்கூடிய கால்சியமும் பொட்டாசியமும் முதலில் போகும், அப்புறம் மெதுவாக சிலிக்காவும் போகும். கரையாமல் மிஞ்சுவது அலுமினியமும் இரும்பும். அந்த மிச்சம்தான் பாக்சைட். ஏற்காட்டு மேட்டிலிருந்து பல வருடம் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறங்கியது அதுவே. பார்வைக்கு அழகில்லாத கல். செங்காவியும் வெள்ளையும் கலந்து, புழு அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். 13-ஆம் கட்டத்துக்குப் பளபளக்கும் மாணிக்கத்தை வைப்பவர்களும் உண்டு, அதுவும் அலுமினிய ஆக்சைடுதான். நான் இந்தச் செம்பாறைத் துண்டைத்தான் வைப்பேன்.

அதே கல்லின் இன்னொரு துண்டு என் பெட்டியில் 31-ஆம் கட்டத்திலும் இருக்கிறது. பார்ப்பவர்கள் தவறு என்று நினைப்பார்கள். 31 காலியம், மெண்டலீவின் ஏக அலுமினியம். அட்டவணையில் அலுமினியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் தனிமம். அளவிலும் குணத்திலும் அலுமினியத்தை ஒத்திருப்பதால், பாறைக்குள் அலுமினியம் எங்கே போகிறதோ அங்கே இதுவும் போய் ஒட்டிக்கொள்கிறது. தனக்கென்று தாதுப்படிவு எதையும் அது உண்டாக்குவதில்லை. உலகப் பாக்சைட்டில் சராசரியாக டன்னுக்கு 50 கிராம் அளவில்தான் காலியம் இருக்கிறது. உலகில் காலியம் பெரும்பாலும் அலுமினா ஆலைகளின் உபபொருளாகத்தான் எடுக்கப்படுகிறது. பிரித்தெடுத்த காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் மேஜைமேல் வைத்தாலே தண்ணீர் மாதிரி ஓடும். ஆகவே கல்லாகவே இருக்கட்டும்.

இந்த ‘ஒட்டுக்குடித்தனத்’ தனிமங்கள் இன்னும் நிறைய. ஹாஃப்னியம், சிர்க்கோனியத்தின் வீட்டில் இருக்கும். அதனால்தான் 1923 வரை யார் கண்ணிலும் படவில்லை. ருபீடியம், பொட்டாசியத்தின் வீட்டில். சொந்தக் கனிமம் என்று இவற்றுக்கு ஒன்றிரண்டு உண்டுதான், ஆனால் மிக அரிது. அட்டவணையின் செங்குத்து வரிசைகள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. புத்தகத்தில் மனப்பாடம் செய்த ‘ஒரே தொகுதி, ஒத்த பண்புகள்’ என்ற வரி கல்லுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மலை ஏற வேண்டியதில்லை. சில கட்டங்களுக்கு நாட்டு மருந்துக் கடை போதும். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு கடையில் இந்துப்பு கேட்டேன்.

“பொடி வாங்கிக்குங்க சார், கட்டிய இடிக்கறது சிரமம்.”

“இடிக்க இல்லைங்கண்ணா, அப்படியே வெக்கறதுக்கு.”

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சாக்கை அவிழ்த்து, கையை முழங்கை வரை விட்டு, நாலைந்து கட்டிகளைப் புரட்டி, ஒரு பக்கம் சதுரமாக உடைந்திருந்த இளஞ்சிவப்புக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். “இது நல்லாருக்குமுங்க” என்றார். அவர் தேர்ந்தெடுத்த முகம்தான் சரியான முகம். உப்பு உடையும்போது கனசதுரமாகத்தான் உடையும். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் அப்படி. இந்துப்புக்குப் பெயர்போன இடம் பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வற்றிப்போன கடலின் உப்பு அது. 11-க்கும் 17-க்கும், அதாவது சோடியத்துக்கும் குளோரினுக்கும், அந்த ஒரே கட்டி. மழைக்காலத்தில் வியர்த்து ஒழுகும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அதே கடையில் காக்காப்பொன் கிடைக்கும், அப்பிரகம். ஏடு ஏடாகப் பிரியும். கந்தகமும் வெண்காரமும் கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இன்று கடைக்கு வரும் கந்தகம் பெரும்பாலும் எண்ணெய் சுத்திகரிப்பில் பிரிந்தது, எரிமலை வாயில் படிந்தது இல்லை. சாதிலிங்கம் பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சிச் செய்தது. பாதரசம் நஞ்சு என்பதால் அதை நான் வாங்குவதும் இல்லை. இயற்கையா, செய்ததா என்ற இந்தப் பேதத்தைச் சித்தர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 64 பாஷாணங்களை, அதாவது நச்சு மருந்துச் சரக்குகளை, பிறவி 32, வைப்பு 32 என்று பிரித்தார்கள். தானாகப் பிறந்தது பிறவி, மனிதர் செய்து வைத்தது வைப்பு. கனிமம் சேகரிப்பவருக்கு இதைவிட நல்ல இரண்டு சொற்கள் கிடைக்காது.

அந்த இரண்டு சொற்களை நான் மறந்த ஒரு நாளும் உண்டு. 83-ஆம் கட்டத்துக்கு பிஸ்மத் தேடியபோது, இணையத்தில் ஒரு விற்பனையாளர் வானவில் நிறத்தில் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கும் ஒரு படிகத்தை ‘இயற்கையானது’ என்று எழுதி விற்றார். அதன் அழகில் மயங்கி வாங்கிவிட்டேன். அது உருக்கிய பிஸ்மத்தைப் பாத்திரத்தில் ஆறவைத்து வளர்த்தது. வைப்பு. இயற்கை பிஸ்மத் இளஞ்சிவப்பு சாயல் கொண்ட வெள்ளி நிறத்தில், பாறையோடு பாறையாகச் சாதாரணமாக இருக்கும். இப்போது அந்தக் கட்டம் மறுபடியும் காலி. அதே சமயம் பணம் கொடுத்து வாங்கியதில் மனசு நிறைந்ததும் உண்டு: புனேக்குப் பக்கத்தில் வாகோலி கல் குவாரிகளில் கிடைக்கும் கவன்சைட். மயில் கழுத்து நீலத்தில் சின்ன உருண்டைகள். வனேடியத்துக்கு அதுதான்.

வாயுக்களுக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். ஆர்கான் எதோடும் சேராது, கனிமம் ஆகாது. ஆனால் 18-ஆம் கட்டத்தில் நான் ஒரு பெல்ஸ்பார் துண்டை வைத்திருக்கிறேன், பொட்டாசியம் பெல்ஸ்பார். பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். சிதைவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கானாக மாறுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் கிட்டத்தட்ட 1 சதவீதம் இருக்கும் ஆர்கான் ஏறக்குறைய முழுவதும் இப்படிப் பாறைகளுக்குள் பிறந்து வெளியேறியதுதான். 250 கோடி ஆண்டு என்றால் இரண்டு அரை ஆயுள். சேர்வராயன் மலை உண்டான காலத்தில் இருந்த பொட்டாசியம்-40-இல் முக்கால் பங்கு இப்போது இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் சாதாரணமாகக் கிடக்கும் அந்தத் துண்டுக்குள் இந்த நிமிடமும் அணு அணுவாக ஆர்கான் பிறந்துகொண்டிருக்கிறது. என் பெட்டியில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கல் இதுதான்.

ஹீலியத்துக்கும் இதே போல, தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் பொருந்தும். தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்கள்தான் ஹீலியம். சீரியம், லாந்தனம், நியோடைமியம் என்று கீழ் வரிசையின் பாதிக்கும் மோனசைட் ஒன்றே பதில் சொல்லும். ஆனால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலாக இருந்தாலும் சரி, வேறு எங்கே கிடைத்தாலும் சரி, அதை அள்ளி வீட்டில் வைக்கக்கூடாது. தோரியம், யுரேனியம் கட்டங்களில் நான் படம்தான் ஒட்டியிருக்கிறேன். 43-உம் 61-உம், டெக்னீசியமும் புரோமித்தியமும், யாருடைய பெட்டியிலும் நிரம்பாது. அவற்றுக்கு நிலையான அணு ஒன்றுகூட இல்லை. பூமி பிறந்தபோது இருந்தது எல்லாம் எப்போதோ சிதைந்துபோனது.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். காப்புக் காட்டிலும் குத்தகைச் சுரங்கத்திலும் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். வெள்ளைக்கல் பகுதியின் பச்சைப் பாறைகளில் நார் நாராக ஏதாவது தெரிந்தால் உடைக்கவே வேண்டாம், அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். இரண்டாவது, சீட்டு. கல்லின் அடியில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதில் எண் எழுதுங்கள். அதே எண்ணில் ஒரு நோட்டில் கனிமம், தனிமம், எடுத்த இடம், தேதி, கொடுத்தவர். இடம் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக் கல்தான். எனக்கு இது தெரிவதற்குள் ஐந்தாறு நல்ல கற்கள் ஊர் பேர் இல்லாமல் போய்விட்டன.

இப்போது தேடிக்கொண்டிருப்பது 56, பேரியம். பேரைட் கனிமம் எடப்பாடி வட்டாரத்தில் பக்கநாடு பக்கம் உண்டு. வெள்ளையாக, பார்க்க வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மாதிரிதான் இருக்கும். கையில் எடுத்ததும் கனம் காட்டிக்கொடுத்துவிடும், வெங்கச்சங்கல்லைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எடை. ஆனால் அங்கே பேரைட்டோடு மோனசைட்டும் கலந்து வருகிறது. அதனால் விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பொங்கல் கழித்துப் போகலாம் என்று இருக்கிறேன்.